கெடில்ஸ்டன் ஏரிக்கரைப் படகு இல்லம்

இங்கிலாந்தில் டார்பி நகரத்துக்கு வடமேற்கே ஏழு கிலோமீட்டர் அளவில் கெடில்ஸ்டன் எஸ்டேட் இருக்கிறது. அங்குள்ள ஏரியின் கரையில் ‘மீன்பிடி அறை’ என்று அழைக்கப்படும் ஒரு சிறு கட்டிடம் நிற்கிறது. மேல்தளத்தில் ஏரியைப் பார்த்த ஓர் அலங்கார அறை. அதற்குக் கீழே குளிர்நீரில் மூழ்கிக் குளிக்கும் தொட்டி. தொட்டியின் இருபுறமும் படகுகள் நேரே நீரிலிருந்து நுழையும் படகறைகள். 1769இல் ராபர்ட் ஆடம் இதன் வடிவத்தை வரைந்தார். 1770 முதல் 1772 வரை கட்டுமானம் நடந்தது. மீன்பிடித்தல், நீராடல், படகு நிறுத்தல் என்ற மூன்று காரியங்களையும் சிறிய இடத்துக்குள் அடக்கி, அதற்குக் கோயில் முகப்பு போன்ற கம்பீரத்தையும் தந்த இந்தக் கட்டிடம், 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் படகு இல்லங்களுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கது.

கெடில்ஸ்டன், கர்சன் குடும்பத்தாரின் பூர்விக நிலம். 1758இல் நதானியல் கர்சன் தந்தைக்குப் பின் எஸ்டேட்டின் உரிமையாளரானார். 1761இல் ஸ்கார்ஸ்டேல் பிரபு என்ற பட்டம் பெற்றார். பழைய செங்கல் மாளிகையை அகற்றிவிட்டு, ரோமானிய மரபில் புதியதொன்றை எழுப்ப அவர் விரும்பினார். மேத்யூ பிரெட்டிங்கம், ஜேம்ஸ் பெய்ன் என்ற இருவரும் அதற்கான வேலையைத் தொடங்கினர். 1758இன் இறுதியில் ராபர்ட் ஆடம் கர்சனைச் சந்தித்தார். இத்தாலியில் பயின்றுவிட்டு லண்டனுக்குத் திரும்பியிருந்த ஆடமுக்கு அப்போது முப்பது வயது. முதலில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது மாளிகை அன்று. பூங்காவும் அதிலுள்ள சிறு கட்டிடங்களுமே. 1760இல் மாளிகைப் பணியும் அவர் கைக்கு வந்துவிட்டது. பூங்காவைக் கொண்டே ஆடம் கெடில்ஸ்டனுக்குள் நுழைந்தார் என்பது இந்தக் கட்டிடத்தை மதிப்பிடும்போது கவனிக்க வேண்டிய செய்தி. அவருக்குத் தோட்டக் கட்டிடங்கள் ஒழிந்த நேர வேலையாக இருந்ததில்லை. பூங்காவுக்காக 84 அடி உயரக் காட்சிக் கோபுரம் ஒன்றையும், குவிமாடக் கோயில் வடிவில் வேட்டைப் பறவைகளுக்கான கூடம் ஒன்றையும் அவர் வரைந்து வைத்தார். இரண்டும் கட்டப்படவில்லை. கட்டி முடிக்கப்பட்டவற்றுள் வடக்கு வாயில், பாலம், அருவிப் படிகள், மீன்பிடி அறை ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

படகு இல்லத்தைப் பற்றிப் பேசுமுன் ஏரியைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏனெனில் கெடில்ஸ்டன் ஏரியும் கட்டப்பட்டதுதான். நிலத்தின் குறுக்கே கட்லர் ஓடை என்னும் சிறு நீரோட்டம் போகிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சார்லஸ் பிரிட்ஜ்மன் என்ற தோட்டக் கலைஞர் இந்த நீரைக் கோடு பிடித்தாற்போன்ற கால்வாய்களாகவும் வடிவியல் ஒழுங்குள்ள குளங்களாகவும் ஆக்கியிருந்தார். அரை நூற்றாண்டுக்குள் ரசனை மாறிவிட்டது. நேர்கோடுகள் செயற்கையாகத் தோன்றின. 1756இல் வில்லியம் எம்ஸ் தொடங்கிய மாற்றத்தை ஆடம் தம் எண்ணப்படி வழிநடத்தினார். கால்வாய்களின் கரைகள் உடைக்கப்பட்டு, நீர் வளைந்து நெளிந்து செல்லும் ஏரிகளாக விரிந்தது. மேல் ஏரிக்கும் கீழ் ஏரிக்கும் நீர்மட்டத்தில் உள்ள வேறுபாட்டை மறைக்கும் வகையில் மூன்று வளைவுப் பாலமும் அதையொட்டி நீர் வழிந்து விழும் படிகளும் அமைந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு ஓர் ஆறு இயல்பாகப் பள்ளத்தாக்கில் ஓடிவருவதாகத் தோன்றும்.

இந்த இயல்புத் தோற்றத்துக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாளிகையை ஒட்டியிருந்த கிராமம் அப்புறப்படுத்தப்பட்டு வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டது. பொதுச் சாலையும் தள்ளி அமைக்கப்பட்டது. இடைக்காலத்தைச் சேர்ந்த தேவாலயம் மட்டும் பழைய இடத்திலேயே, மாளிகையின் தோளை உரசியபடி நிற்கிறது. அழகிய ஏரிக்காட்சி ஒன்றை ரசிக்கும்போது, அந்தப் பார்வையின் குறுக்கே ஒரு காலத்தில் வீடுகள் இருந்தன என்ற நினைவும் உடன்வருவது நியாயம்.

ஏரி செயற்கையானதால் படகு இல்லக் கட்டிடக் கலைஞருக்குப் பெரிய வசதி ஒன்று கிடைத்தது. இயற்கை ஏரியிலும் ஆற்றிலும் நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். தாழ்வாகக் கட்டினால் வெள்ளத்தில் கூரை வரை நீர் ஏறும்; உயரக் கட்டினால் கோடையில் படகு தரைதட்டும். அணையும் கலிங்கும் உள்ள ஏரியில் மிகைநீர் தானே வழிந்துவிடும். ஆண்டின் பெரும்பகுதி நீர்மட்டம் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். எனவே படகறையின் வளைவு எங்கே தொடங்க வேண்டும், உட்படி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்குலக் கணக்கில் தீர்மானிக்க முடிந்தது.

படகுக்கு ஒரு வீடு எதற்கு என்ற கேள்விக்கு மரத்தின் இயல்பில் விடை இருக்கிறது. அக்காலப் படகுகள் ஒரு பலகையின் விளிம்பு அடுத்த பலகையின் மேல் படியும்படி அடுக்கி இணைக்கப்பட்டவை. நீரில் இருக்கும்போது பலகைகள் ஊறி உப்பி, இணைப்புகள் தாமே இறுகிக்கொள்ளும். கரையில் ஏற்றி வெயிலில் வைத்தால் பலகைகள் சுருங்கி இணைப்புகள் வாய்பிளக்கும். நீரிலேயே விட்டுவிட்டால் மழைநீர் படகுக்குள் தேங்கி, உள்பக்கம் உளுத்துப்போகும். ஆகவே படகு நீரில் மிதக்கவும் வேண்டும், அதன் மேல் மழையும் வெயிலும் படாமலும் இருக்க வேண்டும். காற்றோட்டமும் வேண்டும்; இல்லாவிட்டால் தேங்கிய ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நீரை உள்ளே அனுமதிக்கும் தளம், மேலே கூரை, காற்று போக வழி, படகில் கால் வைத்து ஏறுவதற்கு ஒரு மேடை: படகு இல்லத்துக்கு அடிப்படைத் தேவை இவ்வளவே. ஏழை மீனவர் இதை நான்கு கம்பும் கூரை வேய்ந்த பந்தலுமாக முடித்துவிடுவார். பிரபுவின் ஏரியில் அதே தேவை கல்லில் எழுதப்பட்டது.

கெடில்ஸ்டன் கட்டிடத்தின் திறம் முழுவதும் அதன் வெட்டுப்படத்தில் தெரிகிறது. தரைப்படத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு சதுரம், பக்கத்துக்கு ஒரு சிறு செவ்வகம்; வியக்க எதுவும் இல்லை. வெட்டுப்படத்தில்தான் ஆடம் சரிவான கரையை எப்படிப் பயன்படுத்தினார் என்பது விளங்கும். நிலத்தின் பக்கத்திலிருந்து வருபவர் படி இறங்காமல், மேல்தளத்து அறைக்குள் நேரே நுழைகிறார். அவருக்கு அது ஒற்றைத் தளம் கொண்ட தோட்ட மண்டபமாகவே தோன்றும். ஏரியின் பக்கத்திலிருந்து படகில் வருபவர் அதே கட்டிடத்தை இரண்டு தளங்களாகக் காண்கிறார். கீழ்த்தளத்தின் வளைவுகளுக்குள் படகு நுழைகிறது. ஒரே கட்டிடம் இரு திசைக்கும் இரு வேறு உயரங்களைக் காட்டுகிறது. விருந்தினருக்கு மேல்வழி, படகுக்குக் கீழ்வழி. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை.

ஏரி முகப்பே கட்டிடத்தின் உண்மையான முகம். நடுப்பகுதி உயர்ந்து, உச்சியில் முக்கோண முகடு தாங்கி நிற்கிறது. பக்கத்துப் படகறைகள் தாழ்ந்து அடங்கியிருக்கின்றன. மையம் ஓங்க, சிறகுகள் பணிய அமைக்கும் இந்த ஒழுங்கு பெரிய மாளிகையின் ஒழுங்கேதான். நடுக்கூடமும், வளைந்த நடைகளால் அதனோடு இணைந்த பக்க மனைகளும் கொண்ட கெடில்ஸ்டன் மாளிகையைச் சிறிய அளவில் நீரோரத்தில் மறுபடி சொல்லியிருக்கிறார் ஆடம். கட்டிடத்தின் பகுதிகள் உயர்ந்தும் தாழ்ந்தும், முன்வந்தும் பின்வாங்கியும் இருக்கும்போதுதான் அதில் ஓர் அசைவு பிறக்கும் என்பது அவர் கொள்கை. அவரும் தம்பி ஜேம்ஸும் 1773 முதல் வெளியிட்ட கட்டிடக்கலை நூலின் முன்னுரையில் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள். கொள்கை அச்சேறுவதற்கு முன்பே இந்தச் சின்னஞ்சிறு முகப்பில் அது செயலாகிவிட்டது.

முகப்பின் நடுவில் இருப்பது வெனிஸ் சன்னல். மூன்று திறப்புகள் கொண்ட இந்த அமைப்பில் நடுத்திறப்பு அகன்று மேலே வளைவாக முடியும். பக்கத் திறப்புகள் ஒடுங்கித் தட்டையாக முடியும். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலைஞர் செர்லியோவின் நூல் வழியே பரவி, பல்லாடியோவின் கையால் விசென்சா நகர மண்டபத்தில் புகழ்பெற்ற இந்த வடிவம், ஆங்கில மாளிகைகளில் அலுத்துப்போகும் அளவுக்குக் கையாளப்பட்டது. பல இடங்களில் அது வெறும் அணிகலன். இங்கே அதற்கு வேலை இருக்கிறது. மற்றச் சுவர்கள் அடைபட்டிருக்க, ஏரி முழுவதையும் அறைக்குள் கொண்டுவருவது இந்த ஒற்றைத் திறப்புத்தான். அது வெளிச்சத்தைத் தருகிறது, காட்சியைத் தருகிறது, தூண்டில் வீசும் இடமாகவும் ஆகிறது.

ஆடமின் இத்தாலிய நாட்களில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு என்று கருத இடமிருக்கிறது. 1757இல் அவர் பிரெஞ்சு ஓவியர் கிளெரிசோவையும் வரைவாளர்களையும் அழைத்துக்கொண்டு, இன்று குரோயேஷியாவில் உள்ள ஸ்பிளிட் நகருக்குச் சென்றார். ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் அங்கே கட்டிய அரண்மனையின் இடிபாடுகளை ஐந்து வாரம் அளந்து வரைந்தார். அந்த வரைபடங்களை 1764இல் பெரிய நூலாகவும் வெளியிட்டார். அந்த அரண்மனையின் தெற்குச் சுவர் அன்று கடலிலிருந்தே எழுந்தது. அடித்தளத்தில் படகில் வந்து இறங்குவதற்கான சிறு வாயில். மேலே கடலைப் பார்த்த வளைவுகள் கொண்ட நீண்ட நடைக்கூடம். கீழே கரடான சுவரும் நீர்வாயிலும், மேலே திறந்த வளைவுகளும் பார்வையும் என்ற அந்த அடுக்கு, கெடில்ஸ்டன் ஏரி முகப்பிலும் இருக்கிறது. ஆடம் இதை எங்கும் சொல்லி வைக்கவில்லை என்றாலும், இரு முகப்புகளின் படங்களையும் அருகருகே வைத்தால் உறவு புலப்படும். பேரரசனின் கடற்கரைச் சுவருக்கு நூற்றுக்கணக்கான அடி நீளம். இங்கே அதன் சாரம் சில அடிகளுக்குள் அடங்கியிருக்கிறது.

மேல்தளத்து அறையின் உள்வேலை நீரையே பொருளாகக் கொண்டது. மீனும் சிப்பியும் கடல்சார் உருவங்களும் சுதையிலும் வண்ணத்திலும் இடம்பெற்றன. இந்த அறையில் அமர்ந்தபடியே சன்னல் வழியாகத் தூண்டில் போடலாம். குறிப்பாகப் பெண்கள் வெயில் படாமல் மீன்பிடிப்பதற்காக இது ஏற்பட்டது என்பது கெடில்ஸ்டன் பற்றிய பல வரலாறுகளில் வரும் செய்தி. உயர்குடிப் பெண்ணின் முகம் வெயிலில் கறுப்பது அக்காலத்தில் குறையாக எண்ணப்பட்டது. அந்த எண்ணம் எவ்வளவு குறுகியதானாலும், அதன் விளைவாகக் கட்டிடக்கலைக்கு ஒரு நன்மை நேர்ந்தது: பெண்கள் அமர்ந்து பொழுதுபோக்கும் இடம் என்ற காரணத்தால்தான் ஒரு படகுக் கொட்டகையின் மேல் வரவேற்பறைக்கு உரிய அளவும் அலங்காரமும் வந்து சேர்ந்தன. மீன்பிடித்தல் அந்தக் காலத்தில் பிழைப்புக்கான தொழிலாக மட்டும் இருக்கவில்லை; படித்தவர்களும் பிரபுக்களும் அதைப் பொறுமையைப் பழக்கும் கலையாகக் கொண்டாடினார்கள்.

கீழே நடுவிலுள்ள குளியல் தொட்டி, 18ஆம் நூற்றாண்டு மருத்துவத்தின் பிள்ளை. கெடில்ஸ்டனுக்குத் தென்மேற்கே ஒரு நாள் பயணத் தொலைவில் உள்ள லிச்ஃபீல்டு ஊரில் வாழ்ந்த மருத்துவர் ஜான் ஃபிளாயர், குளிர்நீரில் சட்டென்று மூழ்கி எழுவது உடலை உறுதிப்படுத்தும், பல நோய்களைப் போக்கும் என்று அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிப் பரப்பினார். அவர் நூல்கள் பல பதிப்புகள் கண்டன. அதன்பின் நாட்டுப்புற மாளிகைகளின் தோட்டங்களில் குளிர்நீர்த் தொட்டி கட்டுவது வழக்கமாயிற்று. கெடில்ஸ்டன் பூங்காவிலேயே கந்தக நீரூற்று ஒன்றும் அதற்கெனத் தனிக் குளியல் மனையும் இருந்தன. ஏரிக்கரைத் தொட்டியின் இடத்தேர்வு மிகப் பொருத்தமானது. சரிவுக்குள் புதைந்த கீழ்த்தளம் எப்போதும் குளிர்ந்திருக்கும். பார்வைக்கு மறைவாகவும் இருக்கும். குளித்துக் கரையேறியவர் மேலே போனால் இளைப்பாற அறை காத்திருக்கிறது. ரோமானியக் குளியல் மண்டபங்களை அளந்து பழகிய ஆடமுக்கு இந்த வரிசை இயல்பாகவே கைவந்திருக்கும்.

நீரோரத்தில் கல்கட்டிடம் எழுப்புவதன் தொழில்நுட்பம் பொதுவாக அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். ஈர மண்ணில் கடைக்கால் போடுவதற்கு ஓக், எல்ம் மரக்குற்றுகளை அடித்து இறக்குவதுண்டு. எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் மரம் காற்றுப் படாததால் உளுப்பதில்லை, நூற்றாண்டுகள் தாங்கும். கெடுவதெல்லாம் நீர்மட்டக் கோட்டில்தான். ஒரு நாள் நனைந்து ஒரு நாள் உலரும் அந்தச் சிறு பட்டையில் மரம் உளுக்கும், கல் பொரியும், காரை உதிரும். குளிர்நாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. கல்லின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்து விரிந்து, மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்தெடுக்கும். ஆகவே நீர்மட்டத்தை ஒட்டிய வரிசைகளுக்கு அடர்த்தியான கல்லைத் தேர்ந்தெடுப்பது கொத்தனார்களின் மரபு.

காரை விஷயத்தில் அந்தத் தலைமுறைக்கு ஒரு புதிய அறிவு கிடைத்திருந்தது. சாதாரணச் சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் இறுகும். நீருக்குள் அது கரைந்துபோகும். 1756 முதல் 1759 வரை எடிஸ்டோன் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பு நீரடியிலும் இறுகுகிறது என்பதைச் சோதனைகளால் கண்டறிந்தார். அதனோடு இத்தாலிய எரிமலை மண்ணையும் அவர் சேர்த்தார். பத்தாண்டு கழித்து எழுந்த பாலங்களும் கரைச்சுவர்களும் படகறைகளும் இந்த அறிவு பரவத் தொடங்கிய காலத்தில் பிறந்தவை. ஏரியின் அடியிலும் அணையின் நடுவிலும் நீர் கசியாமல் காப்பது மிதித்துக் குழைத்த களிமண். படகு இல்லத்தின் சுவர் இந்தக் களிமண் படுகையைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் கசிவு ஏற்பட்டால் ஏரிக்கே ஆபத்து. வெளியே தெரியாத அந்த இணைப்புதான் கட்டுமானத்தில் மிகுந்த கவனம் வேண்டிய பகுதி; முகப்பின் தூணையும் வளைவையும் பாராட்டும் எழுத்துகள் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

கெடில்ஸ்டன் மாளிகையின் வேலைகளை அன்றாடம் மேற்பார்த்தவர் சாமுவேல் வயட். ஸ்டாஃபோர்டுஷைரின் வீஃபோர்டு ஊரைச் சேர்ந்த வயட் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கட்டிடத் தொழிலில் இருந்தது. கெடில்ஸ்டன் பணியில் தேர்ந்த சாமுவேல், பிறகு லண்டனில் தனிப்பெயர் பெற்ற கட்டிடக் கலைஞரானார். இவருடைய உறவினரான சார்லஸ் வயட் வங்காளப் பொறியாளர் படையில் அதிகாரி. வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலுக்கு மாளிகை கட்ட முடிவு செய்தபோது, 1799 முதல் 1803 வரை அதைக் கட்டியவர் இந்தச் சார்லஸ் வயட்தான். அதற்கு மாதிரியாகக் கொள்ளப்பட்டது கெடில்ஸ்டன். 1767இலேயே கெடில்ஸ்டனின் வரைபடங்கள் அச்சாகியிருந்தன. நான்கு பக்க மனைகளோடு திட்டமிடப்பட்ட கெடில்ஸ்டனில் இரண்டே கட்டப்பட்டன. கல்கத்தாவில் நான்கும் எழுந்தன. அந்த மாளிகையே இன்று மேற்கு வங்க ஆளுநரின் இருப்பிடம். அதைவிட வியப்பான தொடர்ச்சி, 1859இல் கெடில்ஸ்டனில் பிறந்த ஜார்ஜ் நதானியல் கர்சன் 1899இல் இந்திய வைஸ்ராயாகி, தாம் பிறந்த வீட்டின் சாயலில் இருந்த மாளிகையிலேயே குடியேறியது. வங்கப் பிரிவினையால் இந்தியர் மனத்தில் மாறாத கசப்பை விட்டுச்சென்றவர் அவர். பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் 1904ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் காலத்ததே. கட்டிடங்கள் மீது அவருக்கிருந்த பற்றுக்கு ஏரியும் மீன்பிடி அறையும் சூழ்ந்த இளமையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

19ஆம் நூற்றாண்டில் படகு இல்லம் செந்நெறி முகப்பைக் கைவிட்டு வேறு உடைகள் அணிந்தது. லிங்கன்ஷைரின் பெல்டன் மாளிகைக்காக 1838இல் ஆந்தனி சால்வின் வடிவமைத்த படகு இல்லம் சுவிட்சர்லாந்து மலைவீட்டின் சாயலில் அமைந்தது. விண்டர்மியர் ஏரிக்கரையில், ரே காசில் மாளிகையின் படகு இல்லம் கோதிக் பாணியைக் கொண்டது. இவை கண்ணுக்கு இனியவை. ஆனால் பெரும்பாலும் நீரைப் பார்த்த ஒரு முகமும் பின்னால் ஒரு கொட்டகையுமாக முடிந்துவிடுகின்றன. மேலும் கீழும் வெவ்வேறு உலகங்களை அடுக்கி, சரிவையே படியாக்கிய ஆடமின் தீர்வு அவற்றில் இல்லை.

ஏரியோரக் கட்டிடங்களுக்கு வயதாவது நிலத்துக் கட்டிடங்களைப் போல அன்று. ஓடைநீர் கொண்டுவரும் வண்டல் ஆண்டுதோறும் படிந்து, ஏரியின் ஆழம் குறைகிறது. படகறைக்குள் சேறு புகுந்து, படகு நுழைய முடியாத நிலை வருகிறது. மரங்களின் வேர்கள் கரைச்சுவரைத் தள்ளுகின்றன. உள்ளே எப்போதும் ஈரம் இருப்பதால் சுதைவேலையும் வண்ணமும் விரைவில் வாடுகின்றன. சீமெண்டு பூசிப் பழுதுபார்த்தால் நிலைமை மோசமாகும். கல் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே சிறைப்படும். சுண்ணாம்புக் காரையில் கட்டியதைச் சுண்ணாம்புக் காரையாலேயே சரிசெய்ய வேண்டும் என்ற விதி இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும். இதைவிட முக்கியமானது, கட்டிடத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பது. கலிங்கு உடைந்து நீர்மட்டம் மூன்றடி இறங்கினாலே படகறை வெறும் குகையாகிவிடும். ஆடம் கணக்கிட்ட விகிதங்கள் பொருளிழக்கும். ஏரி, அணை, பாலம், எதிர்க்கரை எல்லாம் சேர்ந்ததே இந்தக் கட்டிடம். அதன் முகப்பைச் சரியாகப் பார்ப்பதற்குரிய இடமும் நீரின் மேலோ எதிர்க்கரையிலோதான் இருக்கிறது.

அந்த வகையில் கெடில்ஸ்டனுக்கு நல்ல முடிவே வாய்த்தது. 1987இல், தேசிய மரபுரிமை நினைவு நிதியம் வழங்கிய ஒரு கோடியே 35 லட்சம் பவுண்டு உதவியோடு, எஸ்டேட் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. மாளிகையும் பூங்காவும் ஏரிகளும் பாலமும் மீன்பிடி அறையும் பிரிக்கப்படாமல் ஒரே உடைமையாக அதனிடம் சேர்ந்தன.